படப் புத்தகத்தின் துணையுடன் வனப்பெழுத்துக் கற்றல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலிகிராஃபி என்று பலரும் அழைக்கும் வனப்பெழுத்தை, ஆசிரியர் எவரும் இன்றி, படங்களுடன் கூடிய பயிற்சிப் புத்தகம் ஒன்றை மட்டும் முன்னே வைத்துக்கொண்டு கற்றவன் நான். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை தோறும் சிலர் வந்து அமர்ந்து எழுதுகிறார்கள். மன்னார்குடி, மயிலாடுதுறை, பட்டுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து தொலைபேசியில் கேட்பவர்களும் உண்டு. கேட்கப்படுபவை பெரும்பாலும் ஒரே கேள்விகளாக இருப்பதால், விடைகளை நிதானமாக எழுதி வைப்பது எல்லோருக்கும் பயன்படும் என்று தோன்றியது.

புத்தகத்தைப் பார்த்தே இந்தக் கலையைக் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். புத்தகம் பார்த்துக் கற்கும் வழக்கம் இந்தக் கலைக்குப் புதிதும் அன்று. ரோம் நகரில் போப்பாண்டவரின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த லுடோவிக்கோ அர்ரிகி என்பவர், இத்தாலிக் சாய்வெழுத்தைக் கற்பிக்கும் சிறு கையேடு ஒன்றை 1522ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்தார். அதன் எழுத்துகள் மரக்கட்டையில் செதுக்கி அச்சிடப்பட்டவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மறைந்துபோயிருந்த அகல முனைப் பேனா எழுத்தை இங்கிலாந்தில் மீட்டெடுத்த எட்வர்ட் ஜான்ஸ்டனுக்குக்கூட அதைச் சொல்லிக்கொடுக்க நேர் ஆசிரியர் இருந்ததில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த பழைய கையெழுத்துப் படிகளை உற்றுப் பார்த்து, இந்தக் கோடு எந்த முனையால், எந்தச் சாய்வில் பிடித்து எழுதப்பட்டிருக்கும் என்று தாமே கண்டறிந்தார். தாம் கண்டதை 1906இல் அவர் படங்களுடன் நூலாக்கினார். இன்று கடைகளில் கிடைக்கும் பயிற்சிப் புத்தகங்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவையே.

ஆயினும் புத்தகத்தால் தர முடியாத ஒன்று உண்டு. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலைப் பரப்பி, பிள்ளையின் விரலை ஆசிரியர் தம் கையால் பற்றி எழுத வைத்தார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய சீகன்பால்கு பாதிரியார்கூட அவ்வாறே பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் எழுதித்தான் தமிழ் எழுத்தைக் கற்றார். பற்றி நடத்தும் அந்தக் கை புத்தகத்தில் இல்லை. அந்த வேலையை நீங்களே உங்களுக்குச் செய்துகொள்ள வேண்டும். கீழே வரும் விடைகளில் பெரும்பகுதி அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியதே.

எத்தகைய புத்தகத்தை வாங்க வேண்டும்?

அழகான எழுத்துகள் நிறைந்த புத்தகம் எல்லாம் பயிற்சிப் புத்தகம் ஆகிவிடாது. கடையில் புரட்டும்போது, ஏதேனும் ஒரு எழுத்தின் பக்கத்தைத் திறந்து, அதில் அம்புக்குறிகளும் அவற்றின் அருகே ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கோடுகளை எந்த வரிசையில், எந்தத் திசையில் இழுப்பது என்பதைச் சொல்பவை அவைதாம். அடுத்து, அந்த எழுத்துமுறைக்குரிய பக்கத்தின் ஓரத்தில், சிறு கட்டங்கள் படிக்கட்டுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். எழுத்தின் உயரம் நிப்பின் அகலத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதைக் காட்டும் அளவுகோல் அது. மூன்றாவதாக, நிப்பை எத்தனை பாகையில் பிடிப்பது என்று எழுதியிருக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாத புத்தகம் பார்த்து மகிழ்வதற்கு உரியது; அதிலிருந்து கற்பது மிகக் கடினம். பிழையான எழுத்தையும் சரியான எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் புத்தகம் கிடைத்தால், விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்குங்கள்.

தாள் விரிந்து நிற்குமாறு தைக்கப்பட்டிருப்பதும் முக்கியம். ஒரு கையால் புத்தகத்தை அழுத்திக்கொண்டு மறுகையால் எழுதுவது நடக்காத காரியம். எங்கள் வீட்டில் புராணம் வாசிக்க வைத்திருந்த, கத்தரிபோல் விரியும் மரப் பலகைதான் இன்றுவரை என் புத்தகத்தைத் தாங்குகிறது.

புத்தகத்தில் உள்ளபடியே எழுதுகிறேன். ஆனாலும் தடிப்பும் மெலிவும் வரவில்லையே, ஏன்?

நிப்பு வேறாக இருக்கலாம். நானும் இதில் ஆறு மாதங்களை இழந்திருக்கிறேன். அகல முனைக்கான புத்தகம் ஒன்றை வாங்கினேன். கடையில் ‘காலிகிராஃபி நிப்பு’ என்று கேட்டதற்குக் கூர்முனை நிப்பைக் கொடுத்தார்கள். அந்த வேறுபாடு எனக்கும் தெரியவில்லை, விற்றவருக்கும் தெரியவில்லை.

அகல முனை நிப்பின் நுனி உளியைப்போல் தட்டையாக இருக்கும். அதில் தடிப்பும் மெலிவும் கோட்டின் திசையால் தாமாகவே தோன்றும், அழுத்தத் தேவையில்லை. கூர்முனை நிப்பில், கீழ்நோக்கி இழுக்கும்போது கொடுக்கும் அழுத்தத்தால் பிளவு விரிந்து கோடு தடிக்கும். மேல்நோக்கிச் செல்லும்போது அழுத்தத்தை எடுத்துவிட்டால் மெலியும். காப்பர்பிளேட் போன்ற எழுத்துகள் இந்த இரண்டாம் வகை. இவை இரண்டும் வெவ்வேறு கலைகள் என்றே கொள்ளலாம். முதலில் அகல முனையைக் கற்பதே நல்லது என்பது என் கருத்து. அதில் கை செய்யும் பிழை தாளில் உடனே தெரிந்துவிடும்.

படத்தை எப்படிப் பார்க்க வேண்டும்?

எல்லாக் கேள்விகளிலும் இதுவே எனக்கு முதன்மையானது. ஆனால் மிகக் குறைவாகக் கேட்கப்படுவதும் இதுதான். புத்தகத்தைத் திறந்ததும் நம் கண் முழு எழுத்தின் உருவத்தைப் பற்றிக்கொள்கிறது. கை அந்த உருவத்தின் விளிம்பை வரையத் தொடங்குகிறது. அப்படி வந்தது ஓவியம். எழுத்து என்பது கையின் அசைவு தாளில் விட்டுச் சென்ற தடம். படத்திலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அசைவையே. அசைவு சரியாக இருந்தால் உருவம் தானாக அமையும்.

ஆகவே, பேனாவைத் தொடுவதற்கு முன் படத்தை வாசியுங்கள். முதல் அம்பு எங்கே தொடங்குகிறது, எங்கே வளைகிறது, எங்கே நிற்கிறது, இரண்டாம் கோடு முதல் கோட்டுக்குள் எந்த இடத்தில் நுழைகிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பின்பு வெறும் விரலால் மேசைமேல் அந்த அசைவைப் பத்து முறை எழுதுங்கள். அதன் பிறகு புத்தகத்தை மூடிவிட்டு ஒரு எழுத்தை எழுதுங்கள். திறந்து ஒப்பிடுங்கள். எங்கே தவறினீர்கள் என்று பென்சிலால் குறியுங்கள். மூடி எழுதுவதால் நினைவில் பதிந்தது எது, பதியாதது எது என்று தெரிந்துவிடுகிறது.

அளவு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புத்தகத்தில் உள்ள எழுத்து அச்சுக்காகச் சிறிதாக்கப்பட்டிருக்கலாம். நகல் எடுத்திருந்தால் மேலும் மாறியிருக்கும். மில்லிமீட்டரில் அளந்து அப்படியே எழுத முயன்றால் ஏமாற்றமே மிஞ்சும். சிறிதாக்கினாலும் பெரிதாக்கினாலும் மாறாமல் நிற்பது, எழுத்தின் உயரத்துக்கும் நிப்பின் அகலத்துக்கும் உள்ள விகிதம் ஒன்றுதான். ஜான்ஸ்டன் வகுத்த அடிப்படை எழுத்துக்கு உடலின் உயரம் ஏறத்தாழ நான்கு நிப்பு அகலம். இத்தாலிக் எழுத்துக்கு ஐந்து. உங்களிடம் 2.4 மில்லிமீட்டர் நிப்பு இருந்தால் முன்னதற்கு 9.6 மில்லிமீட்டர், பின்னதற்கு 12 மில்லிமீட்டர் இடைவெளியில் கோடு போட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் நாலு கோடு நோட்டு இதற்குப் பொருந்தாது. கோடுகளை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

‘கோணம்’ என்று புத்தகம் சொல்வது எதை?

இந்தச் சொல்லால் குழம்பாதவர்களை நான் பார்த்ததில்லை, ஏனெனில் புத்தகங்கள் இரண்டு வெவ்வேறு கோணங்களைப் பேசுகின்றன. ஒன்று, நிப்பின் தட்டை முனை, எழுதும் கோட்டோடு உண்டாக்கும் கோணம். மற்றொன்று, எழுத்தே செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பது. இத்தாலிக் எழுத்துக்கு நிப்புக் கோணம் 45 பாகை என்று படித்தவுடன், எழுத்தையே 45 பாகைக்குச் சாய்த்து, விழப்போகும் வேலிபோல் எழுதி எடுத்து வந்தவர்கள் உண்டு. அந்த எழுத்தின் சாய்வு உண்மையில் ஐந்து முதல் பத்துப் பாகை வரை மட்டுமே. காப்பர்பிளேட் புத்தகத்தில் வரும் 55 பாகையோ எழுத்தின் சாய்வைச் சொல்வது. அதுவும் அடிக்கோட்டிலிருந்து அளக்கப்படுவது.

நிப்புக் கோணம் செய்யும் வேலையைக் கணக்காகவே சொல்லலாம். 30 பாகையில் பிடித்தால், செங்குத்துக் கோடு நிப்பின் அகலத்தில் ஏறத்தாழ 87 சதவீதத் தடிப்போடு வரும். படுக்கைக் கோடு சரிபாதியாக மெலியும். 45 பாகையில் இரண்டும் சமமாகி, ஒவ்வொன்றும் 71 சதவீதம் ஆகும். கோணத்தை மாற்றாமல் எழுதுவதே எழுத்தின் ஒழுங்கு. விரல்கள் பேனாவை உருட்டிவிட்டால் ஒரே வரியில் ஒரு கோடு தடித்தும் அடுத்தது மெலிந்தும் நிற்கும்.

இதைக் கண்ணால் காண எளிய வழி, இரண்டு பென்சில்களை ரப்பர் வளையத்தால் இறுகக் கட்டி, இரு முனைகளும் தாளில் பதியுமாறு பிடித்து எழுதுவது. இரு முனைகளும் நிப்பின் இரு ஓரங்கள். எங்கே கோடுகள் விலகுகின்றனவோ அங்கே தடிப்பு. எங்கே ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றனவோ அங்கே மெலிவு. காசு செலவில்லாத இந்தக் கருவியால் முதல் இரண்டு வாரங்களைக் கடத்தலாம். பிள்ளைகளின் காம்பஸ் பெட்டியில் உள்ள பாகைமானியை வைத்து, தாளின் ஓரத்தில் 30 பாகைக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு வரிக்கும் முன்பு நிப்பை அதில் பொருத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

என்னென்ன கருவிகள் தேவை?

அதிகமில்லை. தொட்டு எழுதும் பேனாவுக்கான கட்டை ஒன்று, 2 முதல் 4 மில்லிமீட்டருக்குள் அகல முனை நிப்பு ஒன்று, கறுப்பு மை, ஸ்கேல், பென்சில், தாள். மை தொட்டு எழுதுவது சிரமமாக இருந்தால், மைக்குழாயுடன் வரும் பைலட் பேரலல் பேனா தொடக்கத்துக்கு நல்லது. 2.4 அல்லது 3.8 மில்லிமீட்டர் முனையைத் தேர்ந்தெடுங்கள், 1.5 மில்லிமீட்டரில் பிழை கண்ணுக்குத் தெரியாது.

நீரில் கரையாத இந்தியன் இங்க் வகை மையை மைக்குழாய் உள்ள பேனாவில் ஊற்றாதீர்கள். உள்ளே உறைந்து பேனாவே வீணாகிவிடும். போஸ்டர் கலரைத் தண்ணீரில் கரைத்துக் கெட்டிப் பாலின் பதத்துக்குக் கொண்டுவந்து, தூரிகையால் நிப்பின் அடியில் தடவி எழுதினால் எழுத்து கூர்மையாக வரும். புது எஃகு நிப்பின்மேல் துருப்பிடிக்காதிருக்க எண்ணெய்ப் பூச்சு இருக்கும். பற்பசையால் தேய்த்துக் கழுவிய பிறகே மை அதில் பிடிக்கும். மை முத்து முத்தாகத் திரண்டு நிற்கிறது என்று சொல்பவர்கள் அனைவருக்கும் இதுவே விடை.

சாய்வான பலகையில் எழுதுவது கழுத்துக்கும் நல்லது, மை ஒரே சீராக இறங்குவதற்கும் நல்லது. பழைய வீடுகளில் கணக்குப்பிள்ளைகள் தரையில் அமர்ந்து எழுதிய சாய்வு மேசை பரணில் கிடந்தால், இறக்கித் துடைத்துப் பயன்படுத்துங்கள்.

நிப்பு எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. வேறு வழி உண்டா?

காவிரியிலும் கொள்ளிடத்திலும் படுகை ஓரமாக வளர்ந்து நிற்கும் நாணலே வழி. எஃகு நிப்பு தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எகிப்திலும் அரபு நாடுகளிலும் நாணலைச் சீவித்தான் எழுதினார்கள். அரபு எழுத்துக் கலைஞர்கள் இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

மெல்லிய தண்டு உதவாது. உள்ளே குழலாக, சுண்டுவிரல் தடிப்பில் இருக்கும் முற்றிய தண்டாக எடுத்து, ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி நன்றாக உலர்த்துங்கள். ஒரு நுனியை நீளமான சரிவாகச் சீவி, உள்ளிருக்கும் சோற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, இருபுறமும் தோள்போலக் குறுக்கி, நுனியின் நடுவே கத்தியால் ஒரு சிறு பிளவு கொடுங்கள். கடைசியாக, நுனியைக் கெட்டியான பலகைமேல் வைத்து ஒரே அழுத்தில் நேராக வெட்டுங்கள். இந்தக் கடைசி வெட்டு இழுபட்டால் கோட்டின் ஓரம் பிசிறடிக்கும். மை அதிக நேரம் நிற்க வேண்டுமானால், குளிர்பானத் தகர டப்பாவிலிருந்து மெல்லிய பட்டை ஒன்றை வெட்டி, வளைத்து உள்ளே செருகுங்கள். மூங்கிலிலும் இப்படிச் செய்யலாம். சீவுவது கடினம், ஆனால் முனை நெடுநாள் உழைக்கும். தானே சீவிய பேனாவால் எழுதியவருக்கு நிப்பின் அகலம், கோணம் ஆகிய சொற்களுக்குப் பொருள் சொல்ல வேண்டியதே இல்லை.

படத்தின்மேல் தாளை வைத்து அப்படியே எழுதிப் பழகலாமா?

முதல் நாள் ஒரு முறை செய்யலாம், அதுவும் படத்தில் உள்ள நிப்பு அகலமும் உங்கள் நிப்பு அகலமும் ஒன்றாக இருந்தால் மட்டும். அதற்குமேல் செய்தால் கை படத்தை நம்பிக்கொண்டு சோம்பிவிடும்.

புத்தகம் ஆங்கில எழுத்தைக் கற்பிக்கிறது. நான் தமிழில் எழுத விரும்புகிறேன். என்ன செய்வது?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன் என்று சொல்லலாம். ரோமன் எழுத்தின் உருவங்களைத் தமிழுக்குக் கொண்டுவர முயலாதீர்கள். தமிழ் ‘ட’வுக்கு ரோமன் எழுத்தின் காலையும் கொண்டையையும் ஒட்டினால் அது மாறுவேடம் போட்டதுபோல் இருக்கும். புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை நிப்பு அகலத்தால் உயரத்தை அளப்பது, கோணத்தை மாற்றாமல் காப்பது, எழுத்தை இழுப்புகளாகப் பிரிப்பது ஆகிய மூன்றுமே. முதல் இரண்டு மாதங்கள் ஆங்கில எழுத்திலேயே இவற்றைக் கைக்குப் பழக்கிவிட்டுத் தமிழுக்கு வாருங்கள்.

தமிழுக்கு வந்ததும் முதலில் இடறுவது சுழி. மூன்று சுழி ‘ண’வை நான்கு நிப்பு அகல உயரத்தில் எழுதிப் பாருங்கள், சுழிகளின் உள்வெளி முழுவதும் மையால் அடைபட்டுவிடும். என் கையில் தமிழுக்கு ஆறு நிப்பு அகலம் ஒத்துவருகிறது. 2.4 மில்லிமீட்டர் நிப்புக்கு அது 14.4 மில்லிமீட்டர். கோணம் 30 பாகையைச் சுற்றி இருந்தால் ‘ட’, ‘ப’, ‘ம’ ஆகியவற்றின் நிமிர்ந்த கோடுகள் திடமாகவும் அடிக்கோடு மெலிந்தும் நின்று, வரிக்கு ஒரு நடை கிடைக்கிறது. 45 பாகையில் நிமிர்ந்த கோடும் படுக்கைக் கோடும் ஒரே தடிப்பாகி எழுத்து சப்பிட்டுப் போகிறது.

இரண்டாவது இடறல், மேல்நோக்கிய கோடு. அன்றாடக் கையெழுத்தில் ‘ப’வைக் கீழே இறக்கி, வலப்பக்கம் நகர்த்தி, கை எடுக்காமல் மேலே ஏற்றிவிடுகிறோம். அகல முனை நிப்பை மேலே தள்ளினால் அது தாளில் குத்தும், மை தெறிக்கும். ஆகவே ‘ப’வை இரண்டாகப் பிரியுங்கள்: இறங்கி வலப்பக்கம் செல்வது ஓர் இழுப்பு, பேனாவை எடுத்து, வலப்பக்கக் கோட்டை மேலிருந்து கீழே இறக்கி அடிக்கோட்டோடு சேர்ப்பது இன்னோர் இழுப்பு. இப்படி ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் அம்புக்குறியும் எண்ணும் போட்டு உங்களுக்கான பக்கத்தை நீங்களே தயாரியுங்கள். புத்தகத்தில் ஆங்கில எழுத்துக்கு இருக்கும் அந்தப் படத்தை, தமிழ் எழுத்துக்கு உங்கள் கையால் உருவாக்கும் வேளையில்தான் புத்தகம் உண்மையாக உங்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்குகிறது.

தெளிவும் பேண வேண்டும். துணைக்காலுக்கும் ‘ர’வுக்கும் வேறுபாடு கீழே இறங்கும் அந்தச் சாய்ந்த வால் மட்டுமே, அதை அலங்காரத்தில் தொலைத்துவிடாதீர்கள். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் இடையே உள்ள மேல்சுழியும் அத்தகையதே. ஏட்டுச் சுவடிகளில் எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் ஒன்றோடொன்று மயங்கிக் கிடந்த நிலையை மாற்ற, நெடிலுக்குத் தனி வடிவம் தந்தவர் வீரமாமுனிவர். கொள்ளிடத்தின் வடகரையில் நமக்கு அருகிலேயே இருக்கும் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து பணியாற்றியவர் அவர். அவர் பிரித்துத் தந்ததை நாம் அழகுக்காக மீண்டும் குழப்பிவிடக் கூடாது.

‘லை’, ‘ணை’ போன்றவற்றைப் பழைய துதிக்கை வடிவத்தில் எழுதலாமா?

பெரியார் தம் இதழில் 1935 முதல் கையாண்ட சீர்திருத்த வடிவங்களைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. அதற்கு முன் அச்சான புத்தகங்களிலும், எங்கள் ஊர்ப் பழைய கடைப் பலகைகள் சிலவற்றிலும் துதிக்கை வடிவத்தை இன்னும் காணலாம். அகல முனை நிப்புக்கு அந்த வளைவு மிகவும் இசைவானது. எழுதிப் பாருங்கள், கைக்கு இன்பமாக இருக்கும். ஆனால் திருமண அழைப்பிதழுக்கோ பள்ளிச் சுவருக்கோ எழுதும்போது இன்றைய வடிவமே சரி. படிக்கும் பிள்ளை தடுமாறக் கூடாது.

பயிற்சிக்கு எந்தச் சொற்களை எழுதுவது?

ஊர்ப் பெயர்களை எழுதுங்கள். ஆங்கிலப் புத்தகங்கள் ஒரே வகைக் கோடுகள் திரும்பத் திரும்ப வரும் சொற்களைப் பயிற்சிக்குத் தருகின்றன; அந்த வேலையை நமக்கு டெல்டாவின் ஊர்ப் பெயர்களே செய்துவிடுகின்றன. திருவீழிமிழலை என்று எழுதினால் மேல்விலங்கு, அதாவது இகர ஈகாரங்களின் மேல்வளைவு, நான்கு இடங்களில் வரும். அவற்றின் உயரமும் வளைவும் ஒத்திருக்கின்றனவா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ‘ழ’ வேறு இருமுறை வருகிறது. திருத்துறைப்பூண்டியில் மூன்று புள்ளிகள் உண்டு. நிப்பைக் கோணம் மாறாமல் வைத்து எடுத்தால் புள்ளி சாய்சதுரமாக விழும், மூன்றும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். திருக்கண்ணமங்கையில் ‘ண்ண’ இரட்டித்து வருவதால் சுழிகளின் உள்வெளியைச் சோதிக்கலாம். ஒரு வாரத்துக்கு ஓர் ஊர் போதும்.

பழைய கல்வெட்டுகளும் சுவடிகளும் மாதிரியாக உதவுமா?

உதவும், ஆனால் எதற்கு என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். கல்லில் எழுதியது உளி, ஏட்டில் எழுதியது எழுத்தாணி. இரண்டும் அகல முனை அல்ல. ஆகவே தடிப்பு மெலிவை அவற்றில் தேடாதீர்கள். தேட வேண்டியது இடைவெளியை. தஞ்சைப் பெரிய கோயிலில், தானும் தன் தமக்கையும் தன் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றை எல்லாம் விமானத்தில் கல்லிலே வெட்டுமாறு முதலாம் இராசராசன் ஆணையிட்டான். விமானத்தின் அடிப்பகுதியான அதிட்டானத்தைச் சுற்றி ஓடும் அந்த வரிகளின் முன் நின்று, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே விடப்பட்ட வெளி எப்படிச் சீராக இருக்கிறது என்று பாருங்கள். சொற்களுக்கு இடையே இடம் விடாமலும், பெரும்பாலும் புள்ளி இல்லாமலும் வெட்டப்பட்டிருந்தாலும், வரி முழுதும் ஒரே நெய்த துணிபோல் இருக்கும். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும்போது போனால் வெட்டின் ஆழம் நிழலாகத் தெரியும். சுண்ணக்கட்டியோ மாவோ பூசி எழுத்தைத் துலக்க முயலாதீர்கள்; பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து சிறிது தொலைவில், அரண்மனை வளாகத்தில் சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம் இருக்கிறது. இரண்டாம் சரபோஜி மன்னர் பெரிதும் வளர்த்த தொகுப்பு அது. அங்குள்ள ஏடுகளில் எழுத்தின் சிறுமையையும் வரியின் நேர்மையையும் பார்த்த பிறகு, கோடு போடாமல் எழுத முடியவில்லை என்று குறைபட மனம் வராது. ஏட்டில் எழுதியவர்களுக்கு அழித்து எழுத வழியில்லை, கீறியது கீறியதுதான்.

மழைக்காலத்தில் மை தாளில் பரவுகிறது. என்ன செய்யலாம்?

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நம் பகுதியில் தாள் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடுகிறது. அப்போது மை நாரின் வழியே ஊர்ந்து, கோட்டின் ஓரத்தில் பூரான் கால்கள்போல் கிளம்பும். சாதாரண நகல் தாளில் இது கோடையிலும் நடக்கும். 100 ஜிஎஸ்எம் எக்ஸிக்யூட்டிவ் பாண்ட் தாளுக்கு மாறுங்கள். தாள்களை மூடியுள்ள தகரப் பெட்டியிலோ பிளாஸ்டிக் உறையிலோ வைத்து, எழுதுவதற்குச் சற்றுமுன் எடுங்கள். மையில் கருவேலம் பிசின் கரைசல் ஒரு சொட்டுக் கலந்தால் பரவல் குறையும். அதிகமானால் நிப்பில் ஒட்டிக்கொள்ளும். உள்ளங்கையின் வியர்வை படாதபடி கைக்கு அடியில் எப்போதும் ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், எத்தனை மாதம்?

நாள்தோறும் அரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான்கு மணி நேரம் எழுதுவதைக் காட்டிலும் இது பலமடங்கு பயன் தரும். புத்தகத்தில் பத்து எழுத்துமுறைகள் இருந்தால் ஒன்றை மட்டும் எடுத்து மூன்று மாதங்கள் எழுதுங்கள். வாரத்துக்கு ஓர் எழுத்துமுறையாகப் பக்கம் திருப்பியவர்களில் ஒருவரும் நிலைத்து எழுதி நான் பார்த்ததில்லை.

ஆசிரியர் இல்லாமல் என் பிழையை நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

எழுதிய தாளைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். படிக்க முடியாமல் போகும்போது கண் எழுத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பார்க்கத் தொடங்குகிறது. சாய்ந்த கோடும் நெருங்கிய இடைவெளியும் உடனே வெளிப்படும். எல்லாத் தாளிலும் தேதி போட்டு, ஒன்றையும் கிழிக்காமல் வையுங்கள். மாதத்துக்கு ஒரு முறை முதல் தாளோடு ஒப்பிட்டு, ஒரே ஒரு பிழையை மட்டும் தேர்ந்தெடுத்து அடுத்த மாதம் அதைத் திருத்துங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ஃபிளெக்ஸ் வருவதற்கு முன் கடைப் பலகையும் சுவரும் எழுதிய ஓவியர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். தட்டைத் தூரிகையால் அளவு வைக்காமலே ஒரு வரியை இரு முனைக்கும் சரியாகப் பொருத்தியவர்கள் அவர்கள். உங்கள் தாளை எடுத்துக்கொண்டு போய் மரியாதையோடு காட்டுங்கள். எங்கள் தெருவில் இருந்த ஒருவர் என் தாளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “எழுத்து நல்லாத்தான் இருக்கு தம்பி, நடுவுல காத்து போகலையே” என்றார். இடைவெளி பற்றிப் புத்தகம் ஒரு அத்தியாயத்தில் சொன்னது அன்றுதான் எனக்கு விளங்கியது.

இடக்கை வழக்கம் உள்ளவர்கள் எழுதலாமா?

தாராளமாக. இடக்கையாளருக்கென்று நுனி சரிவாக வெட்டப்பட்ட நிப்புகள் உண்டு. கிடைக்காவிட்டால் நாணல் பேனாவின் கடைசி வெட்டைச் சரிவாக வெட்டிக்கொள்ளலாம். தாளை நன்றாகத் திருப்பி வைத்து, கை எழுதும் வரிக்குக் கீழே இருக்கும்படி அமருங்கள்.

பிள்ளைகள் எந்த வயதில் தொடங்கலாம்?

விஜயதசமி அன்று கூத்தனூர் சரசுவதி கோயிலில் பெற்றோர் மடியில் அமர்ந்து முதல் எழுத்தை எழுதும் வயதில் அல்ல. அன்றாடக் கையெழுத்து உறுதிப்பட்ட பிறகு, பத்து வயதுக்குமேல் தொடங்கலாம். அதற்கு முன் இரட்டைப் பென்சில் விளையாட்டாகவே போதும்.

நிப்பு ஒரே மாதத்தில் துருப்பிடித்துவிடுகிறதே?

எழுதி முடித்ததும் மையோடு கட்டையில் செருகியே விட்டுவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நிப்பைக் கழற்றித் தண்ணீரில் அலசி, பழைய வேட்டித் துணியால் உட்புறமும் துடைத்து, சிறிது நேரம் காற்றில் உலரவிட்டு, மூடியுள்ள சிறு டப்பாவில் வையுங்கள். வேதாரண்யம், தரங்கம்பாடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இருப்பதால், மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றையும் அதில் போட்டு வைக்கலாம். துருவின் தொடக்கம் மட்டும் தெரிந்தால் மிக மெல்லிய உப்புத்தாளால் மேற்புறத்தை இலேசாகத் தேய்த்து எடுக்கலாம், நுனியைத் தொடாதீர்கள். நுனியே அரித்துவிட்டால் அந்த நிப்பைக் கோடு போட்டுப் பழக ஒதுக்கிவிட்டு, எழுத்துக்குப் புதியதை எடுங்கள்.